முதலாளி சொல்வதே முடிவு என்கிற கம்பெனியில் பயனர் ஆய்வு தொடங்குவது எப்படி

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் படகுக்காரர்களிடம் நண்டு, மீன் வாங்குகிற கம்பெனிகளில் பலவும் குடும்பக் கம்பெனிகள்தான். முதலாளி, அவர் தம்பியோ மகனோ, கணக்குப்பிள்ளை, அப்புறம் கரையில் நிற்கிற ஏஜெண்ட். அங்கே "படகுக்காரங்களுக்கு ஒரு ஆப் போட்டுரலாம்" என்று பேச்சு வந்தால், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் அன்றைக்கே முடிவாகிவிடும். பயனர் ஆய்வு என்றால், ஆப்பைப் பயன்படுத்தப் போகிறவர்களிடமே போய்க் கேட்டு, பார்த்து, அதன்பிறகு முடிவெடுப்பது. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர நினைக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளிக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்போடு உள்ளே போகாதீர்கள். எந்த மாதம் நண்டு ஏறும், யார் வாக்கு சுத்தம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்லாத விஷயங்கள் மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேராது. உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது.

ஆள் வேண்டும், பட்ஜெட் வேண்டும், தனிப் பிரிவு வேண்டும் என்று ஆரம்பித்தால் கதை அன்றோடு முடிந்தது. ஏற்கெனவே அவர் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு கேள்வியை எடுங்கள். நம்மிடம் நண்டு போட்டுக்கொண்டிருந்த சில வள்ளங்கள் ஏன் வேறு வியாபாரியிடம் போய்விட்டன? "இதை மட்டும் விசாரிச்சுட்டு வர்றேன், ரெண்டு வாரம் குடுங்க" என்று கேட்டால் மறுக்க மாட்டார்.

இனிதான் முக்கியமான இடம், முன்பணம். வலைக்கும் என்ஜினுக்கும் வியாபாரியிடம் பணம் வாங்கியவர் பிடித்ததை அவரிடமே போட வேண்டும் என்பது இந்தக் கரையில் பழைய ஏற்பாடு. கடன் நிற்கிற ஒருவரிடம் கம்பெனி ஆள் போய் "எங்க எடை சரியா இருக்கா?" என்று கேட்டால், "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும், அதை எழுதிக்கொண்டு வந்து நூற்றுக்கு நூறு பேர் திருப்தி என்று முதலாளியிடம் சொல்வதைவிட போகாமலே இருக்கலாம். முதலில் கணக்கு முடித்துப் பிரிந்தவர்களிடமும், முன்பணமே வாங்காதவர்களிடமும் பேசுங்கள். வசூலுக்குப் போகிற ஆளைக் கூட்டிப் போகவே கூடாது. கடன் உள்ளவர்களிடமும் பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் யார் என்ன சொன்னார் என்பது உங்கள் நோட்டைத் தாண்டக் கூடாது. பெயர் எழுதாதீர்கள். குரலைப் பதிவு செய்து முதலாளிக்குப் போட்டுக் காட்டவும் வேண்டாம், ஊரில் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தனிநபர் தரவுக்கு 2023ல் சட்டமே வந்துவிட்டது, அது வராமல் இருந்தாலும் இதுதான் முறை.

"இப்படி ஒரு ஆப் வந்தா வாங்குவீங்களா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "கடைசியா நண்டு போட்டீங்களே, அன்னைக்குக் கரை ஏறினதுல இருந்து என்ன நடந்துச்சுண்ணே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பேச்சு தானாக எடைக்கும், விலைக்கும், பணம் எப்போது வந்தது என்பதற்கும் போகும்.

எப்போது போவது என்றால், வலையில் இருந்து நண்டை எடுக்கிற நேரம். கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். குடும்பமே உட்கார்ந்திருக்கும், பெண்களிடமும் கேளுங்கள், பல வீடுகளில் கணக்கு அவர்கள் கையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் நிதானமாகப் பேசுவார்கள், ஆனால் தொழில் நடப்பதை அப்போது பார்க்க முடியாது. பாக் நீரிணைப் பக்கம் ஒரு ஊர், மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு ஊர் என்று இரண்டும் போய்வாருங்கள். காற்று மாறினால் ஒரு பக்கம் கடல் அமைதியாகக் கிடக்கும், மறு பக்கம் தொழிலே இருக்காது.

ஆப்பின் மாதிரி கையில் இருந்தால் கரையிலேயே கொடுத்துப் பாருங்கள். ஈரக் கையில், பாலித்தீன் கவருக்குள் இருக்கும் போனில் திரை சரியாக நகராது. அவர் அதைப் பக்கத்தில் நிற்கிற மகளிடம் நீட்டுவார். அப்படியானால் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் திரையைச் செய்ய வேண்டும். போன் உறையைக் கழற்றும்போது உள்ளே மடித்து வைத்த எடைச் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி நோட்டில் இருப்பதை அவரும் தனியாக வைத்துக்கொள்ள நினைக்கிறார் என்றால், ஆப்பில் முதலில் வர வேண்டியது அந்த எடைக் கணக்குதான், விலைப்பட்டியல் அப்புறம் வரட்டும்.

முதலாளியிடம் பெரிய அறிக்கை கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கம் போதும், கேட்டது கேட்டபடி, அவர்கள் பேச்சிலேயே, ஆள் அடையாளம் தெரியாமல். ஆப்பைக் கொடுத்துப் பார்க்கிற நாளில், முன்பணத் தொடர்பு இல்லாத ஊருக்கு அவரையே கூட்டிப் போங்கள். "நீங்க பேசாம பாருங்கண்ணாச்சி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருவர் பட்டன் தெரியாமல் தடவுவதை ஐந்து நிமிடம் நேரில் பார்த்தவர் அப்புறம் உங்களோடு வாதாட மாட்டார்.

"அஞ்சு பேரைப் பார்த்தா போதுமா?" என்று கட்டாயம் கேட்பார். திரைகள் ஆட்களுக்கு எவ்வளவு எளிதாக இருக்கின்றன என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993ல் போட்ட கணக்குப்படி, ஒருவரை வைத்துச் சோதித்தால் குறைகளில் சுமார் 31 சதவீதம் தெரியும், ஐந்து பேரில் 85 சதவீதம் வரை வந்துவிடும். ஆனால் அது திரையில் எங்கே தடுக்குகிறது என்று பார்க்க மட்டும், அதுவும் ஒரே வகை ஆட்களுக்கு. எத்தனை பேர் ஆப்புக்கு மாறுவார்கள் என்று ஐந்து பேரை வைத்துச் சொல்ல முடியாது, அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

இது நிலைக்க வேண்டுமானால் புதுக் கூட்டம் எதுவும் வைக்காதீர்கள். சனிக்கிழமை கணக்கு முடிக்கிற பழக்கம் இருந்தால் அதிலேயே கால் மணி நேரம் கேளுங்கள். கணக்குப்பிள்ளையை ஒதுக்கவும் வேண்டாம், படகுக்காரர்கள் போனில் கேட்கிற கேள்விகள் எல்லாம் முதலில் அவர் காதுக்குத்தான் வருகின்றன, அதை எழுத அவரிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். அப்புறம், பேசியவர்களிடம் திரும்பப் போய் என்ன மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.