ஆரியாவைப் பாதியில் பிடித்துப் பாதியில் விடாதீர்கள்

'ஓ மியோ பாபினோ காரோ' என்ற ஓபராப் பாட்டின் (இப்படிப்பட்ட பாட்டைத்தான் ஆரியா என்பார்கள்) பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு உங்கள் காதில் விழுந்திருக்கும். யாரோ செத்துப்போன துக்கத்தில் ஒரு பெண் உருகுகிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் சாவு விழுந்தது உண்மைதான். ஆனால் துக்கப்படுகிறவர் ஒருவரும் இல்லை.

அது 1918இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்முதலாக மேடையேறிய இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'ஜான்னி ஸ்கிக்கி' என்ற கேலி ஓபராவில் வருகிறது. ஃபிளாரன்ஸ் பணக்காரர் ஒருவர் சொத்தை மடத்துக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். உயிலை எப்படி மாற்றுவது என்று உறவுக்காரர்கள் தவிக்கிறார்கள். ஸ்கிக்கி என்ற தந்திரக்காரரை வரவழைத்துவிட்டு, வந்த இடத்தில் அவரையே மட்டம் தட்டுகிறார்கள். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பும்போதுதான் மகள் லௌரெத்தா ஆரம்பிக்கிறாள். அப்பா, இந்தக் குடும்பத்துப் பையனை எனக்குப் பிடித்திருக்கிறது, போர்ட்டா ரோஸாவுக்குப் போய் மோதிரம் வாங்க வேண்டும், இந்தக் காதல் நடக்காவிட்டால் போந்தே வெக்கியோ பாலத்துக்குப் போய் ஆர்னோ ஆற்றில் குதித்துவிடுவேன் என்கிறாள். செல்ல மகள் அப்பாவை மிரட்டுகிற பாட்டு இது.

ஆரியா என்றால் இத்தாலிய மொழியில் காற்று. ஓபரா என்ற இசை நாடகத்தில் ஒரு பாத்திரம் இசைக்குழுவோடு தனியாகப் பாடும் முழுப் பாட்டுக்கு அந்தப் பெயர். அதை நாடகத்திலிருந்து பிரித்து ரசிப்பதில் தப்பொன்றும் இல்லை, சினிமாப் பாட்டை நாம் அப்படித்தானே கேட்கிறோம். யார், யாரிடம், எந்த நேரத்தில் பாடுகிறார் என்று பார்க்காமல், மெட்டை மட்டும் வைத்துச் சோகம், குஷி என்று முடிவு கட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது.

வெர்டியின் 'லா தொன்னா ஏ மொபிலே' குஷியான மெட்டுதான். பெண் மனம் காற்றில் பறக்கும் இறகு, நம்பக் கூடாது என்று ஒருவன் பாடுகிறான். பாடுகிற மாந்துவாக் கோமகனோ போகிற இடமெல்லாம் பெண்களை ஏமாற்றுகிறவன். 1851இல் வெனிஸில் அரங்கேறிய 'ரிகொலெத்தோ'வின் கடைசி அங்கத்தில் இது மறுபடி வரும். கோமகனைக் கொல்லக் கூலிக்கு ஆள் அமர்த்திய ரிகொலெத்தோ, பிணம் இருக்கும் சாக்குமூட்டையை ஆற்றில் தள்ளப் போகிறான். தூரத்திலிருந்து அதே குரல், அதே மெட்டு. செத்தவன் எப்படிப் பாடுவான்? மூட்டையைப் பிரித்தால் உள்ளே ரிகொலெத்தோவின் சொந்த மகள். இது தெரிந்த பிறகு அந்த மெட்டுக்குத் தாளம் போட எனக்குக் கை வருவதில்லை.

'நெஸ்ஸுன் தோர்மா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 உலகக் கோப்பைக் கால்பந்தோடு பாடகர் பவரோட்டியின் குரலில் உலகம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து அது வெற்றிப் பாட்டாகிவிட்டது. புச்சினியின் 'துரந்தோத்' ஓபராவில் அதன் இடம் வேறு. வந்திருக்கும் அந்நியனின் பெயரைக் கண்டுபிடிக்கும்வரை பீக்கிங்கில் யாரும் தூங்கக் கூடாது, மீறினால் மரணம் என்று இளவரசி ஆணையிட்டிருக்கிறாள். அந்த ஆணையின் சொற்களைத்தான் அந்த அந்நியனான காலாஃப் திருப்பிச் சொல்லித் தொடங்குகிறான். நடுவில் மேடைக்குப் பின்னாலிருந்து பெண்கள் குழு மெல்லப் பாடும் வரிகளைப் பலரும் கவனிப்பதில்லை. 'அவன் பெயர் யாருக்கும் தெரியாது, ஐயோ, நாம் சாகத்தான் வேண்டும்' என்கிறார்கள் அவர்கள். அதற்கு மேலேதான் இவன் 'வெல்வேன்' என்று முழங்குகிறான்! அப்புறம், எல்லோரும் காத்திருக்கும் அந்த உச்ச சுரத்தைப் புச்சினி மிகக் குறுகியதாகத்தான் எழுதியிருக்கிறார். இழுத்துப் பிடிப்பது பாடகர்கள் கொண்டுவந்த வழக்கம். கச்சேரியில் கேட்கும் முழக்கமான முடிவும் நாடகத்தில் கிடையாது, இசை நிற்காமல் அடுத்த காட்சிக்குள் ஓடிவிடும். ஓபரா அரங்கில் கைதட்டக் காத்திருப்பவர்கள் திகைப்பது இதனால்தான்.

இன்னொரு கெட்ட பழக்கம், ஆரியாவுக்கு முன்னால் வரும் ரெசிடேடிவ் பகுதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது. பேச்சின் நடையில் பாடப்படுவதால் 'பாட்டு இன்னும் வரவில்லையே' என்று விரல் தானாக முன்னே நகர்த்தும். மொசார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' (1786) ஓபராவில் சீமாட்டி பாடும் 'தோவே சோனோ' நல்ல உதாரணம். அந்த இனிய நாட்கள் எங்கே போயின என்று கேட்கும் ஆரியா. அதற்கு முந்தைய பகுதியில்தான் அவள் தன் கணவனைப் பற்றிப் பேசுகிறாள். முதலில் காதலித்தான், பிறகு அவமதித்தான், கடைசியில் துரோகம் செய்தான் என்கிறாள். இப்போது என் பணிப்பெண்ணிடமே உதவி கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டானே என்று அது முடிகிறது. அந்தக் கூச்சத்தைக் கேட்காமல் நேரே ஆரியாவுக்கு வந்தால், அது வெறும் பழைய நினைவாகத்தான் தோன்றும்.

பழைய ஆரியாக்களில் முதல் பகுதி முழுதாகத் திரும்ப வரும். 'தா காப்போ', அதாவது தலையிலிருந்து, என்று அந்த வடிவத்துக்குப் பெயர். 'மறுபடியும் இதேதானா' என்று நிறுத்திவிடாதீர்கள். பாடகர் தன் சொந்தச் சங்கதிகளைப் போடும் இடமே அதுதான். ஹாண்டலின் 'லாஷா கியோ பியாங்கா'வை இரண்டு மூன்று பேர் குரலில் கேட்டு, திரும்ப வரும் பகுதியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிறைப்பட்ட பெண் அழும் பாட்டாக 1711இல் 'ரினால்தோ'வில் வந்த மெட்டு இது. ஆனால் 1705இல் ஹாண்டல் அதை நடன இசையாகவும், 1707இல் 'முள்ளை விடு, ரோஜாவை எடு' என்ற வரிகளுக்கும் பயன்படுத்தியிருந்தார். சொல்லும் இடமும் முக்கியம் என்று மேலே நான் அடித்துச் சொன்னதைப் பார்த்து ஹாண்டல் சிரித்திருப்பார்.

சில்லறைக் குழப்பங்களும் உண்டு. கனத்த குரலில் இத்தாலிய மொழியில் பாடினாலே ஆரியா ஆகிவிடாது. 'ஓ சோலே மியோ' நேப்பிள்ஸ் நகரப் பாட்டு, 'கோன் தே பார்திரோ' 1995இல் வந்த பாப் பாட்டு. மறுபக்கம், ஆரியா ஓபராவுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் 'மத்தேயு பேஷன்' தேவாலயத்துக்காக எழுதியது, அதில் அருமையான ஆரியாக்கள் இருக்கின்றன. வாக்னரின் பிற்கால ஓபராக்களில் ஆரியாவைத் தேடி அலுத்துப்போக வேண்டாம், தனித்தனியாகக் கத்தரிக்க வராதபடி தொடர்ச்சியாகவே அவர் எழுதினார்.

வசன வரிகள் போடும் பதிவாகத் தேர்ந்தெடுங்கள். ஆரியாவுக்கு ஐந்து நிமிடம் முன்னால் தொடங்குங்கள், முடிந்ததும் உடனே அணைக்காதீர்கள். லௌரெத்தா பாடி முடித்ததும் ஸ்கிக்கி இளகிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு வழியும் பிடிபடுகிறது. இறந்தவரின் கட்டிலில் தானே படுத்து, அவர் குரலில் புது உயில் சொல்லப் போகிறார். மகளுக்கு இது தெரியக் கூடாது. அதனால் ஆற்றில் குதிப்பேன் என்று மிரட்டிய பெண்ணை, மாடத்தில் குருவிக்கு ரொட்டித் தூள் போடச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.