கிட்டார் புராசஸரை நேராக மிக்ஸரில் செருகினால் இரைகிறதா?

வீட்டில் தேனாகக் கேட்ட டிஸ்டார்ஷன் (கிட்டாரின் கரகரப்பான ராக் சத்தம்), திருவிழா மேடையில் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கேட்டது. போன பங்குனியில் நடந்தது இது. எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் லீட் கிட்டார். அதுவரை ஒரு சின்ன பிராக்டிஸ் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அன்றுதான் அதை வீட்டில் விட்டுவிட்டு புராசஸரிலிருந்து (கிட்டாரின் சத்தத்தை மாற்றித் தரும் காலடிப் பெட்டி) நேராக மிக்ஸருக்குக் கேபிள் கொடுத்தேன். இரண்டாவது பாட்டின் இடையிசையில் டிஸ்டார்ஷனை மிதித்ததும் மைக் செட் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் மேடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இது கிட்டாரா, ரேடியோவுல ஸ்டேஷன் தேடுற சத்தமா? ட்ரெபிளை சுத்தமா இறக்கிட்டேன், அப்பவும் இரையுது.”

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. கண்டுபிடித்த பிறகு சரிசெய்யப் பத்து விநாடி. உங்களுக்கு அந்த ஒன்றரை மாதம் மிச்சமாகட்டும்.

என்னிடம் இருப்பது பாஸ் ஜிடி-1. ஜூம், மூயர், லைன் 6 என்று எது வைத்திருந்தாலும் விஷயம் ஒன்றுதான், மெனுவில் பெயர்தான் மாறும். சுருதி சேர்க்கவும், பேட்ச் (சேமித்து வைத்த சத்த அமைப்பு) மாற்றவும், சேமிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கரண்ட்

பெரும்பாலான கிட்டார் பெடல்களுக்கு 9 வோல்ட் அடாப்டர், அதுவும் நடு முனை நெகட்டிவ். வீட்டில் சும்மா கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரும் அதே ஓட்டையில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அதில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ். அடாப்டரின் முதுகில் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு பிறை வட்டமும் வரைந்திருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடிகிறதா என்று பாருங்கள். கூட்டல் குறியில் முடிந்தால் செருகாதீர்கள். வோல்ட்டும் ஒத்துப்போக வேண்டும், மில்லி ஆம்பியர் கருவி கேட்பதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் பாதகமில்லை.

ஜிடி-1 நான்கு பென்சில் பேட்டரியிலும் ஓடும். மேடையில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி கரண்ட் பக்கம். நிற்கவில்லையென்றால் கேபிளையோ பிக்கப்பையோ (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) சந்தேகப்படலாம். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பாக இருந்து, பக்கத்தில் சீரியல் லைட்டும் டிம்மரும் ஓடினால் கொஞ்சம் இரையத்தான் செய்யும். உடம்பைத் திருப்பி நின்று பாருங்கள், ஏதாவது ஒரு கோணத்தில் குறையும்.

அந்தப் பத்து விநாடி வேலை

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன்.

கிட்டார் ஆம்ப்பின் 12 இஞ்ச் ஸ்பீக்கர், நாம் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் போன்றது அல்ல. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது சட்டென்று படுத்துவிடும். மிக்ஸரோடு இருக்கும் மேடை ஸ்பீக்கரில் ட்வீட்டர் உண்டு. அது 15 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் பாடும். டிஸ்டார்ஷன் என்பதே ஒலி அலையின் தலையை வெட்டிவிடுகிற வேலை. வெட்டிய இடத்திலிருந்து மேல் சுரங்கள் ஏகத்துக்கும் கிளம்பும். கிட்டார் ஸ்பீக்கர் இத்தனை காலமும் அந்தக் குப்பையை வடிகட்டிக்கொண்டே இருந்தது. வடிகட்டி இல்லாமல் டீயை ஊற்றினால் தூளெல்லாம் டம்ளரில் இருக்குமே, என் சத்தம் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

இந்த வடிகட்டலைப் புராசஸருக்குள்ளேயே கணக்குப் போட்டுச் செய்வதுதான் கேப் சிமுலேஷன், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் (கேபினட்) பாவனை. இப்படி ஆம்ப்பைப் பாவனை செய்யும் கருவிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அது இருக்கிறது. என்னுடையதிலும் இருந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. ஏன்?

கருவி வாங்கிய புதிதில் என்னிடம் இருந்தது பிராக்டிஸ் ஆம்ப். கையேட்டைப் படித்து, நல்ல பிள்ளையாக, மெனுவில் ‘அவுட்புட் செலக்ட்’ என்ற இடத்தில் ‘காம்போ ஆம்ப்’ என்று வைத்திருந்தேன். அது சரியான தேர்வுதான். ஆம்ப்பில் உண்மையான ஸ்பீக்கர் இருக்கிறது, கருவிக்குள் இன்னொன்று எதற்கு என்று புராசஸர் தன் கேப் சிமுலேஷனை ஒதுக்கிவிடும். வைத்தேன், மறந்தேன், ஒரு வருடம் ஓடிவிட்டது.

திருவிழாவுக்குப் பிறகு நான் செய்தது என்ன தெரியுமா? பேட்ச் பேட்ச்சாக உட்கார்ந்து ட்ரெபிளைக் குறைத்தேன், பிரசென்ஸைக் குறைத்தேன், ஆம்ப் மாடலை மாற்றினேன், பத்துப் பதினைந்து பேட்ச்சை இணையத்திலிருந்து இறக்கிப் போட்டேன். மிக்ஸரில் செருகினால் எல்லாமே அதே இரைச்சல். அந்த அமைப்பு பேட்ச்சுக்குள் இல்லை, கருவி முழுவதற்கும் பொதுவானது. எந்தப் பேட்ச்சைப் புரட்டினாலும் அது கண்ணில் படாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இயர்போன் போட்டபோதும் அதே இரைச்சல் வந்ததும்தான் பொறி தட்டியது. மெனுவுக்குள் போய் ‘காம்போ ஆம்ப்’ என்பதை ‘லைன்/ஃபோன்ஸ்’ என்று திருப்பினேன். அவ்வளவுதான். அதே பேட்ச், அதே கிட்டார், சத்தம் மட்டும் மனிதச் சத்தமாகிவிட்டது. சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது: மிக்ஸர், இயர்போன், கீபோர்டு ஆம்ப், கம்ப்யூட்டர், இவற்றில் எதில் செருகினாலும் அவுட்புட் அமைப்பு ‘லைன்’ பக்கம், கேப் சிமுலேஷன் ஆன். கிட்டார் ஆம்ப்பின் முன்பக்க இன்புட்டில் செருகினால் கேப் ஆஃப். மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கமாகக் கெடும். ஒரு ஸ்பீக்கரின் மேல் இன்னொரு ஸ்பீக்கர், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். சில கருவிகளில் பொது அமைப்பு இருக்காது; கேப் என்பது சங்கிலியில் தனி பிளாக்காகவோ ஆம்ப் பிளாக்கின் உள்ளேயோ இருக்கும். அப்போது ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்க வேண்டும்.

மைக் செட் அண்ணன் ட்ரெபிளை இறக்கியும் ஏன் போகவில்லை என்று கேட்கலாம். மிக்ஸரின் ட்ரெபிள் குமிழ் மேல் பகுதி முழுவதையும் சரிவாகச் சாய்க்கும். கிட்டார் ஸ்பீக்கரோ ஓர் இடத்தில் செங்குத்தாக வெட்டும். சாய்த்தால் உயிரும் போய், இரைச்சலும் மிச்சமிருக்கும்.

பேட்ச் கட்டுவது

தொழிற்சாலைப் பேட்ச்களை நம்பாதீர்கள். கடையில் வாசித்துப் பார்ப்பவர் வாயைப் பிளக்க வேண்டும் என்று கட்டியவை அவை. எதை எடுத்தாலும் ரிவெர்பும் (அறை முழக்கம்) டிலேயும் (எதிரொலி) வழியும். காலியான பேட்ச் ஒன்றை எடுங்கள். எல்லாவற்றையும் அணையுங்கள். ஆம்ப், கேப் இரண்டு மட்டும் ஆன். இது நன்றாகக் கேட்கும்வரை வேறு எதையும் தொடக்கூடாது.

அப்புறம் வரிசை: நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது), வா (வாய் திறந்து மூடுவது போன்ற சத்தம்), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), டிரைவ் (டிஸ்டார்ஷன் பெடல்), ஆம்ப், கேப், ஈக்யூ (அடி, நடு, உச்சியைக் கூட்டிக் குறைப்பது), டிலே, ரிவெர்ப். விதிவிலக்குகள் நிறைய உண்டு, ஆனால் ஆரம்பத்துக்கு இது போதும். டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் போட்டால் எதிரொலிகளும் சேர்ந்து நசுங்கிக் குழம்பாகிவிடும்.

கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) நீங்கள் நினைப்பதில் பாதி வையுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். தனியாக வாசிக்கும்போது கெயின் அதிகமானால் சுகமாக இருக்கும். குழுவோடு சேரும்போது மீட்டுகிற முதல் அடியே தெரியாமல் போய், டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு புகை மாதிரி நிற்கும்.

ஈக்யூவில் இரண்டு காரியம் கட்டாயம். லோ கட் (அடி ஒலியை வெட்டுவது) 100 ஹெர்ட்ஸ் பக்கம். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் குடியிருக்கும் வீடு. ஹை கட் (உச்ச ஒலியை வெட்டுவது) 6.3 கிலோஹெர்ட்ஸில் ஆரம்பித்து, இன்னும் கூர்மை தெரிந்தால் 5 வரை இறக்கலாம். எனக்கு 6.3 பிடிக்கும், கிளீன் பேட்ச்சுக்கு 8 வரை விடுவேன்.

டிலே நேரத்தைக் காதால் தேட வேண்டாம். 60000-ஐப் பாட்டின் பிபிஎம்-ஆல் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லி விநாடி. 100 பிபிஎம் என்றால் 600. அதில் முக்கால் பங்கு, அதாவது 450 வைத்தால் எதிரொலி தட்டுகளுக்கு இடையில் விழுந்து துள்ளலாகக் கேட்கும். டேப் டெம்போ (தட்டியே வேகம் சொல்லும் வசதி) இருந்தால் கணக்கே வேண்டாம்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிய பேட்ச்

கேப் பிரச்சினை தீர்ந்து அடுத்த கச்சேரிக்குப் போனேன். இந்த முறை இரைச்சல் இல்லை, கிட்டாரே இல்லை! லீட் வாசிக்கிறேன், கை ஓடுகிறது, யாருக்கும் கேட்கவில்லை.

மெதுவான சத்தத்தில் நம் காதுக்கு அடி ஒலியும் உச்ச ஒலியும் குறைவாகவே கேட்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வளைகோடு போட்டு வைத்துவிட்டார்கள். வீட்டார் தூங்கும் நேரத்தில் அமுக்கமான வால்யூமில் பேட்ச் கட்டும்போது, குறைவதை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டை (நடு ஒலியை) இறக்கிவிடுகிறோம். அதையே மேடை வால்யூமில் போட்டால் அடி உறுமுகிறது, உச்சி குத்துகிறது, நடு காணாமல் போகிறது. கிட்டார் வாழ்வதோ அந்த நடுவில்தான். எங்கள் குழுவில் இரண்டு கீபோர்டு வேறு, மிச்சமிருக்கும் இடத்தையும் அவை எடுத்துக்கொள்ளும்.

பகலில், சத்தமாக, ஏதாவது பாட்டை ஓடவிட்டு அதோடு வாசித்தபடி மிட்டை ஏற்றிக் கட்டுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். இருக்கட்டும். லீட் பேட்ச்சின் லெவலை ரிதம் பேட்ச்சைவிட 3 டெசிபல் கூட்டி வையுங்கள். கெயினால் அல்ல, சங்கிலியின் கடைசியிலுள்ள லெவலால். டிஸ்டார்ஷன் ஏற்கெனவே நசுக்கிய ஒலிதான், கெயினைக் கூட்டினால் இன்னும் நசுங்குமே தவிர சத்தம் கூடாது.

மிக்ஸர் பக்கம்

மேடையிலிருந்து மிக்ஸர் தூரமென்றால் சாதாரண பி-38 (கிட்டாரில் செருகும் ஜாக்) கேபிளை அவ்வளவு தூரம் இழுக்காதீர்கள். காலடியில் ஒரு டிஐ பாக்ஸ் (சிக்னலை நீளக் கேபிளில் இரைச்சலில்லாமல் போகும்படி மாற்றும் பெட்டி), அங்கிருந்து கேனன் (மைக்குக்குப் போடும் மூன்று முனை) கேபிள். சொந்தமாக ஒரு பாஸிவ் டிஐ வாங்கி வைப்பது என் கட்சி. அதற்குள் இருப்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான், பேட்டரி வேண்டாம், கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும்) பொத்தானைத் தட்டினால் பாதி நேரம் ‘ம்ம்ம்’ போய்விடும்.

அந்த இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடலாம் என்று மேடையில் யாராவது யோசனை சொல்வார். கேட்காதீர்கள். தந்தியில் கை, மைக்கில் உதடு, ஜெனரேட்டர் கரண்ட். விளையாட்டுக் காரியம் இல்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஒருவர், எல்லாம் சரியாக வைத்தும் கரகரவென்று உடைகிறது என்றார். விசாரித்தால், கோயில் ஆம்ப்ளிஃபையரின் மைக் இன்புட்டில் செருகியிருக்கிறார். மைக் தருவது சில மில்லிவோல்ட். புராசஸர் தருவது அதைப்போல பல மடங்கு. ஆக்ஸ் அல்லது லைன் இன்புட்டில் செருகுங்கள். அது இல்லையென்றால் புராசஸரின் அவுட்புட் குமிழைக் கால்வாசிக்கு இறக்குங்கள். அவரிடம் இருந்தவை குழாய் ஸ்பீக்கர்கள் என்பது அப்புறம் தெரிந்தது. குழாயில் டிஸ்டார்ஷன் எதற்கு சார்? கிளீனாக வாசித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொருவருக்குச் சில பேட்ச்களில் மட்டும் எதிரொலி ஒன்று விட்டு ஒன்றுதான் கேட்டது. ஒற்றைக் கேபிளை வலது அவுட்புட்டில் செருகியிருந்தார். ஒரே கேபிள் என்றால் ‘எல்/மோனோ’ என்று எழுதியிருப்பதில்தான் செருக வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும்.

புராசஸர் வாங்கக் காசில்லை, லேப்டாப் மட்டும் இருக்கிறது என்று கேட்டவர்கள்தான் அதிகம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம், திறந்த மூலம், சத்தம் நன்றாகவே இருக்கிறது. அதிலும் இதே கண்ணி உண்டு. இறக்கும் மாடல் ஆம்ப்பின் தலையை (ஸ்பீக்கர் இல்லாத பகுதியை) மட்டும் பதிந்ததாக இருந்தால் ஐஆர் கோப்பு (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்தது) ஒன்றையும் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அதே தகரச் சத்தம். கிட்டாரைச் செருக ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), விண்டோஸ் என்றால் அதற்கான ஏஎஸ்ஐஓ டிரைவரும் (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) தேவை. பஃபரை (ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்ற அளவு) 128 சாம்பிள் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லி விநாடி தாமதம். அது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், கைக்குத் தெரியாது. லேப்டாப் திணறிப் படபடவென்று வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள்.

எலக்ட்ரோ அக்கூஸ்டிக் (பிக்கப் வைத்த மரக் கிட்டார்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஆம்ப், கேப் இரண்டையும் அணைத்துவிட்டு ஈக்யூவும் ரிவெர்பும் மட்டும் வைத்து ஓட்டுங்கள். மைக் செட் அண்ணன் இந்தப் பங்குனிக்கும் வந்திருந்தார். என் சேனலில் ட்ரெபிள் குமிழ் நடுவில் நின்றதை இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.