ஸ்டார்ச் அளக்கும்போது நீலம் கறுத்துப்போனால்

ஸ்டார்ச் கரைசலில் அயோடின் விட்டு, 600 நானோமீட்டர் பக்கத்தில் ஒளி உட்கவர்தலை அளக்கிறீர்களா? குவெட்டில் (கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு கலம்) மை ஊற்றியது போலக் கறுப்பாக இருந்தால் கருவி காட்டும் எண்ணை நம்பாதீர்கள். உட்கவர்தல் அளவு 2 என்றால் 100-ல் 1 பங்கு ஒளிதான் மறுபக்கம் போகிறது. 0.1-க்கும் 1-க்கும் நடுவில் வரும்வரை நீர்க்கச் செய்யுங்கள்.

முதலில் ஸ்டார்ச்சை நீர்க்கச் செய்து, அப்புறம்தான் அயோடின். நிறம் வந்தபின் தண்ணீர் விட்டால் அயோடினும் சேர்ந்து நீர்த்துவிடும், கணக்கு கோணும். 10 மடங்குக்கு 1 மி.லி. கரைசலோடு 9 மி.லி. தண்ணீர், 10 அல்ல. (நானும் இதில் வழுக்கியிருக்கிறேன்.) கடைசியில் விடையை 10-ஆல் பெருக்க மறக்க வேண்டாம். பிப்பெட் வைக்குமுன் ஒருமுறை குலுக்குங்கள், ஸ்டார்ச் அடியில் தங்கும்.

பூஜ்யம் வைக்க வெறும் தண்ணீர் போதாது, அதே அளவு அயோடின் கலந்த தண்ணீர் வேண்டும். சூடாக இருந்தால் நீலம் மங்கும், ஆறவிட்டு அளங்கள்.

தரக்கோடு (அளவு தெரிந்த கரைசல்களை அளந்து போடும் ஒப்பீட்டுக் கோடு) போட உங்கள் மாதிரியில் இருக்கும் அதே வகை ஸ்டார்ச்சையே எடுங்கள். ஸ்டார்ச்சில் இருக்கும் இரண்டு பொருட்களில் அமைலோஸ் கருநீலம் தரும், அமைலோபெக்டினோ செவ்வூதாதான் தரும். இவற்றின் விகிதம் மாறினால் கோடும் மாறிவிடும்.