சுவீடிஷ் படிக்கும்போது நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவராதீர்கள்

சுவீடனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகும் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, சுவீடிஷை ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பதுதான். ஆப், பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் நமக்கே தெரியாமல் இது நடந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலம் கைவிடும் பல இடங்களில் தமிழ் கைகொடுக்கும்.

உச்சரிப்பையே பாருங்கள். நன்றி சொல்லும் சொல்லை நாம் ‘டாக்’ என்று சொல்லிப் பழகிவிடுகிறோம், ஏனென்றால் ஆங்கில ‘டி’ என்றாலே நம் வாயில் ‘ட’தான் வரும். சுவீடிஷில் அந்த எழுத்து நம் ‘த’வுக்குத்தான் நெருக்கம், நாக்கு பல்லைத் தொட வேண்டும், உயிரும் குறிலாக இருக்க வேண்டும்: ‘தக்’. இழுத்து ‘தாக்’ என்றால் அது கூரை. ‘கிலாஸ்’ கண்ணாடித் தம்ளர், ‘கிலஸ்’ ஐஸ்கிரீம். பல், பால் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை, காதைத் திறந்து வைத்தால் போதும்.

‘ட’, ‘ண’ இரண்டும் சுவீடிஷில் உண்டு, ஆனால் வேறு இடத்தில். ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பேச்சில் ‘ர்’ ஒலிக்குப் பின் ‘த’ அல்லது ‘ன’ வந்தால் இரண்டும் கலந்து நாக்கு மடங்கிவிடும். குழந்தை என்பது எழுத்தில் ‘பார்ன்’, வாயில் ‘பாண்’, வரைபடம் எழுத்தில் ‘கார்தா’, வாயில் ‘காட்டா’. தெற்கே ஸ்கோனே போன்ற பகுதிகளில் இப்படி மடக்க மாட்டார்கள்.

இலக்கணத்திலும் அப்படித்தான். அவர் தன் காரை விற்றார் என்பதற்கு ‘சின்’, அவர் வேறொருவருடைய காரை விற்றார் என்றால் ‘ஹன்ஸ்’. தன், அவருடைய என்று தமிழில் யோசித்தால் ஒரே நாளில் பிடிபடும், ஆங்கிலத்தில் யோசித்தால் குழப்பம்தான். வாக்கிய வரிசைக்கு மட்டும் இரண்டு மொழியும் உதவாது: ‘இன்று’ என்று தொடங்கினால் அடுத்து வினைச்சொல், அப்புறம்தான் ‘நான்’. ‘இதாக் லேசர் யா’, இன்று படிக்கிறேன் நான். இதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும்.

தமிழை அப்படியே கொண்டுபோகக் கூடாத இடமும் உண்டு, அது மரியாதை. நீங்கள் என்பதற்கு ‘நி’ இருக்கிறதே என்று பெரியவர்களிடம் அதைப் பயன்படுத்தாதீர்கள். பழைய சுவீடனில் பட்டம் இல்லாதவர்களையும் கீழே இருப்பவர்களையும் அழைத்த சொல் அது, வயதானவர்கள் சிலருக்கு இன்றும் உறுத்தும். 1967-ல் மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட் எல்லோரையும் ‘து’, அதாவது நீ என்றே அழைக்கப்போவதாகச் சொன்னார், ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த மாற்றம் அதோடு வேகம் பிடித்தது. இன்று டாக்டர், ஆசிரியர், மேலதிகாரி எல்லோருக்கும் ‘து’வும் பெயரும்தான். சார், மேடம் வேண்டாம்.

அடுத்து, நீங்கள் தடுமாறியதும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறுவார். உதவி செய்வதாக நினைத்துத்தான் மாறுகிறார், ஆனால் நீங்களும் மாறிவிட்டால் பல வருடம் ஆனாலும் பேச்சு வராது. சுவீடிஷிலேயே பேசலாமா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். ஆபீஸில் ‘ஃபீகா’ எனும் காபி இடைவேளை நேரத்தில் காபியை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பிவிடாதீர்கள். பாடத்தில் வராத பேச்சு அங்கேதான் நடக்கும். நகராட்சி நடத்தும் எஸ்எஃப்ஐ, அதாவது குடியேறியவர்களுக்கான சுவீடிஷ் வகுப்பும் அங்கே பதிவு செய்து வசிக்கும் வயதுவந்தவர்களுக்கு இலவசம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

 

நேரமும் தூரமும் தனிக்கதை. ‘ஹல்வ் த்ரே’ என்றால் இரண்டரை மணி, மூன்றரை என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். ஊர் மூன்று ‘மீல்’ என்றால் 30 கிலோமீட்டர், மைல் கணக்கு இல்லை. விடுமுறையை, கூட்டத்தை எல்லாம் 42-வது வாரம் என்பதுபோல எண் சொல்லியே பேசுவார்கள், அதனால் போன் காலண்டரில் வார எண் தெரியும்படி இன்றைக்கே மாற்றி வையுங்கள்.