"நான் ரொம்ப அறிவாளி"ங்குற பட்டத்த எப்படி இறக்கி வைக்கிறது

முதல்ல உங்களுக்கு இது இருக்கான்னு பாத்துக்கோங்க. டீக்கடையில எவனாவது ஒன்ன தப்பா சொன்னா அத திருத்தாம உங்களுக்கு டீ உள்ள எறங்கலையா, தெரியாத விஷயம் வந்தா நைசா பேச்ச மாத்துறீங்களா, முப்பது வயசாகியும் பத்தாங்கிளாஸ் மார்க்க எங்கயாவது நுழைச்சுடுறீங்களா, அப்ப இருக்கு.

எப்பிடி வந்துச்சுன்னா நம்ம ஊர்ல படிக்கிற புள்ளைக்கு கெடைக்கிற மரியாதையே தனி. கல்யாணப் பந்தியில எலைய மடிக்கிறதுக்குள்ள நாலு பேரு மார்க் கேட்டுருவாய்ங்க. கவர்மெண்டு 2017லயே பத்து, பன்னெண்டுக்கு ரேங்க் அறிவிக்கிறத நிறுத்திருச்சு, ஆனா ரிசல்ட் வந்தா பள்ளிக்கூட வாசல்ல ஃபிளெக்ஸ் வைக்கிறது எங்க நின்னுச்சு? அதுவும் உசிலம்பட்டி பக்கமிருந்து பஸ் புடிச்சு டவுன் ஸ்கூலுக்கு வந்த பையன்னு வைங்க, சட்டைய பாத்து, பேச்ச பாத்து எளக்காரமா பாத்தவய்ங்க முன்னாடி அவன் தலை நிமிந்து நின்னது மார்க்க வச்சுத்தான். அத விடுடான்னா எப்பிடி விடுவான்? இத நான் கேலி பண்ண மாட்டேன்.

ஆனா அதுக்கு ஒரு வெலை இருக்கு. 1998ல முல்லர், ட்வெக்னு அமெரிக்காவுல ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்கள வச்சு பாத்தாங்க, "நீ புத்திசாலி"ன்னு பாராட்டுன புள்ளைங்க தோத்துருவோமோன்னு ஈஸியானதையே கேட்டுச்சுங்க, நடுவுல கஷ்டமானது ஒன்ன குடுத்து சறுக்க விட்டப்புறம் பழைய மாதிரி ஈஸியா குடுத்தாலும் முன்னவிட கம்மியாத்தான் வாங்குச்சுங்க, "நல்லா உழைச்சிருக்க"ன்னு பாராட்டுன புள்ளைங்க முன்னேறுச்சுங்க. பட்டத்த காப்பாத்தவே பாதி தெம்பு போயிருது.

ஐ.க்யூ, அதான் புத்திய அளக்குற டெஸ்ட்டுல வந்த நம்பர சொல்லி சுத்துறவங்களுக்கு ஒன்னு, 1905ல பாரிஸ்ல பினேன்னு ஒரு உளவியல் நிபுணர் இந்த மாதிரி டெஸ்ட்ட கொண்டு வந்ததே எந்தப் புள்ளைக்கு ஸ்கூல்ல கூடுதல் உதவி வேணும்னு கண்டுபுடிக்கத்தான், பெரியவங்க பயோவுல போட்டுக்க இல்ல.

சரி, என்ன பண்றது? மார்க் செல்லாத எடத்துல போயி புதுசா ஒன்ன கத்துக்கோங்க. எங்க தெருவுல ஒரு எஞ்சினியர் அண்ணே சிலம்பம் கத்துக்க சேந்தாரு. பக்கத்துல எட்டு வயசு புள்ள கம்ப விசுக்கு விசுக்குன்னு சுத்துது, இவருக்கு கம்பு சொந்த மொழங்கால்லயே வந்து விழுது, உடனே கம்பு சுத்துறதுல உள்ள பிசிக்ஸ வாத்தியாருக்கே விளக்க ஆரம்பிச்சுட்டாரு. வாத்தியார் பொறுமையா கேட்டுட்டு, "சரிங்க சார், இப்ப காலடி வைங்க"ன்னாரு. அங்க தாக்குப்புடிச்சு நின்னதுதான் அண்ணனுக்கு மருந்து.

வீட்டுல புள்ளைங்ககிட்ட "மூளக்காரன்டா நீ"ங்காதீங்க, அந்தக் கணக்க எப்பிடி போட்டன்னு கேளுங்க, அவனே சொல்லுவான். தெரியாதத தெரியாதுன்னு சொல்லிப் பழகுங்க, முதல் ரெண்டு தடவதான் நாக்கு ஒட்டிக்கும்.

அடுத்தவன திருத்துற வியாதிக்கு ஒரே கேள்வி, இத திருத்தலைன்னா அவனுக்கு ஏதாச்சும் நட்டமா? படம் வந்த வருஷத்த மாத்தி சொன்னா சொல்லிட்டுப் போறான், விடுங்க. மதுரையில தேனி பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு போறேன்னா மட்டும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போப்பான்னு சொல்லிருங்க.