கூகுள் ஃபார்ம்ல குவிஸ் செய்யறது எப்படி? செஞ்சத மத்த டீச்சர்ஸுக்கு பகிர்றது எப்படி?

குரூப்ல நிறைய டீச்சர்ஸ் கேக்குறாங்க, அதனால பொறுமையா எழுதுறேன். ஆன்லைன் டெஸ்ட்னா பேப்பர் திருத்துற வேலை மிச்சம்னு மட்டும் நினைக்காதீங்க, எந்த கேள்வியில மொத்த கிளாஸும் சறுக்குதுன்னு உடனே தெரிஞ்சிடும், அதுதான் இதுல பெரிய லாபம்.

முதல்ல ஜிமெயில்ல லாகின் பண்ணி கூகுள் ஃபார்ம்ஸ் தொறந்து புது ஃபார்ம் எடுங்க. செட்டிங்ஸ் போய் குவிஸ் ஆன் பண்ணுங்க, மார்க் உடனே தெரியணும்னு வைங்க. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்ங்கிற ஆப்ஷன் ஆஃப்லயே இருக்கட்டும். அத ஆன் பண்ணா கூகுள் லாகின் கேக்கும், அப்பா போன்ல எழுதுற பிள்ளை அங்கயே நின்னுடும், அக்கா தம்பி ஒரே போன்னா இன்னும் சிக்கல். ஈமெயிலும் வாங்க வேணாம், பேரும் ரோல் நம்பரும் ஷார்ட் ஆன்சர் கேள்வியா வச்சு ரிக்வயர்டு போட்டா போதும்.

அடுத்து கேள்வி. நேரத்த இங்கதான் செலவு பண்ணணும். 1/2 + 1/3 எவ்வளவுன்னு கேக்குறீங்கன்னு வைங்க, சரியான விடை 5/6. தப்பான விடைங்கள சும்மா ஏதோ ஒரு நம்பரா போட்டு ரொப்பாதீங்க. 2/5 கட்டாயம் வைங்க, மேல இருக்குறத மேலயும் கீழ இருக்குறத கீழயும் கூட்டுற பிள்ளை அதத்தான் தொடும். 2/6ம் வைங்க, பகுதிய 6ன்னு சரியா மாத்திட்டு தொகுதிய அப்படியே விட்டுட்ட பிள்ளை அத எடுக்கும். அதே மாதிரி 0.35, 0.5 ரெண்டுல எது பெரிசுன்னு கேட்டுப் பாருங்க, 35தான் 5ஐ விட பெரிசுன்னு நினைக்கிற பிள்ளைங்க யார்னு தெரிஞ்சிடும்.

கேள்விக்கு கீழ ஆன்சர் கீ இருக்கும், அதுல சரியான விடைய டிக் பண்ணி மார்க் போடுங்க. தப்பு பண்ணா என்ன காட்டணும்னு எழுதவும் அங்கயே இடம் இருக்கு, "பகுதி ரெண்டும் ஒண்ணா இருக்கா பாரு"ன்னு ஒரு வரி போதும், வேணும்னா வீடியோ லிங்க்கும் வைக்கலாம்.

பப்ளிஷ் பண்றப்ப லிங்க் இருக்குற யாரும் பதில் சொல்லலாம்னு வைங்க. ஸ்கூல் அக்கவுண்ட்னா வெளி ஆளுக்கு தொறக்காம இருக்கலாம், அதனால இன்காக்னிட்டோல, அதாவது உங்க லாகின் இல்லாத பிரவுசர் விண்டோல, ஒரு தடவை தொறந்து பாத்துட்டு அனுப்புங்க.

பசங்க எழுதினதும் ரெஸ்பான்ஸஸ்ல சம்மரி பாருங்க. நிறைய பேர் தப்பு பண்ண கேள்விங்கள தனியா காட்டும், கீழ ஒவ்வொரு விடையையும் எத்தன பேர் எடுத்தாங்கன்னு படமாவே இருக்கும். 2/5ல கூட்டம் நின்னா மறுநாள் பாடத்த அங்க இருந்து ஆரம்பிங்க.

இப்ப பகிர்றது. உங்க ஒரிஜினல் ஃபார்மோட எடிட் லிங்க்க யாருக்கும் குடுக்காதீங்க, பிள்ளைங்க பேரு மார்க்கு எல்லாம் அவங்களுக்கும் தெரியும். மூணு புள்ளிய அழுத்தி மேக் எ காப்பி எடுங்க, அதுல பதில்கள் வராது. அந்த காப்பிக்கு மட்டும் லிங்க் இருக்குறவங்க எடிட் பண்ணலாம்னு வச்சு, அட்ரஸ்ல எடிட்ங்கிற வார்த்தையையும் அதுக்கப்புறம் இருக்குறதையும் அழிச்சுட்டு சி, ஓ, பி, ஒய்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி அனுப்புங்க. அவங்க தொறந்ததும் தனக்குன்னு ஒரு காப்பி எடுத்துக்கச் சொல்லி பட்டன் வரும்.

லிங்க்க மட்டும் தட்டிவிட்டுட்டு போயிடாதீங்க டீச்சர்ஸ். எந்த வகுப்பு, எந்த பாடம், உங்க பசங்க எந்த கேள்வியில மாட்டினாங்கன்னு ரெண்டு வரி சேத்து போடுங்க. வேற ஊர் ஸ்கூல்ல பிள்ளைங்க நீங்க யோசிக்கவே யோசிக்காத ஒரு தப்பு விடைய சொல்லியிருப்பாங்க, அத கேட்டு வாங்கி அடுத்த குவிஸ்ல ஒரு ஆப்ஷனா வைங்க.