ஒகேனக்கல்லில் முதல் தடவை பரிசல் ஏறுகிறவர்களுக்கு

குகைக்குள் ஓடும் ஆற்றில் படகில் போக ஆசை என்று யார் சொன்னாலும், முதலில் எங்கள் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லுக்கு வாருங்கள் என்பேன். இங்கே தலைக்கு மேல் கூரை இல்லை. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் குகையாகக் குடைந்துவிடும். இதுவோ கடினப் பாறை; காவிரி மேலிருந்தே அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. இருபக்கமும் பாறைச் சுவர் எழும்பி, வானம் நாடாவைப் போல ஒடுங்கும் இடத்தில் பரிசல் நுழையும்போது குகைக்குள் போன குளிர்ச்சி வந்துவிடும்.

முந்தின நாள்: நீர்வரத்து

இதைத் தவிர்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் காவிரி நீரை அளக்கிறார்கள். ஒகேனக்கல் நீர்வரத்து நொடிக்கு எத்தனை கனஅடி என்று செய்தியில் வந்துகொண்டே இருக்கும். ஒரு கனஅடி சுமார் 28.3 லிட்டர். 10,000 கனஅடி என்றால் நொடிக்குச் சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர் உங்கள் முன்னால் ஓடுகிறது.

தருமபுரியில் வெயில் கொளுத்துகிறதே என்று நம்பி வந்துவிட வேண்டாம். வயநாட்டிலும் குடகிலும் மழை பிடித்து, கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பினால் அந்தத் தண்ணீர் இங்கேதான் வரும். வெள்ளம் ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போட்டுவிடும். ஆடிப்பெருக்குக்கு ஆசையாக வந்து கரையிலேயே நின்று திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

வந்து சேர்வது

தருமபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழி. பேருந்து உண்டு. பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது குரங்குகள் நிற்கும், தீனி போடாதீர்கள்.

துறையில்

கட்டணப் பலகையைப் படித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். எந்த வழியாகப் போவோம், எவ்வளவு நேரம் என்பதை ஏறுமுன் பரிசல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உயிர்காப்பு ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஏறுவது

பரிசல் வட்டமானது, அடி தட்டை. விளிம்பில் கால் வைத்தால் அந்தப் பக்கமே சாயும். ஒவ்வொருவராக, நேராக நடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். யார் எங்கே என்பதை எடை பார்த்துப் பரிசல்காரர்தான் சொல்வார். கணவன் மனைவி பக்கத்தில்தான் உட்காருவோம் என்று அடம் பிடிக்காதீர்கள்.

என் பெரியம்மா முதல் தடவை பயத்தில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "கையை உள்ளே எடுங்கம்மா" என்று பரிசல்கார அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் பரிசல் பாறையில் உரசியது. நல்லவேளை, விரல் தப்பியது. இடுக்கான இடத்தில் கை மடியில் இருக்கட்டும்.

பாறைகளுக்கு நடுவே

ஒற்றைத் துடுப்பை வைத்துக்கொண்டு சுழலையும் பாறையையும் தவிர்த்து ஓட்டுவது லேசான வித்தை இல்லை. அந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். படம் எடுக்க எழுந்து நிற்கவே கூடாது. பரிசலைச் சுற்றிவிடுவது இங்கே வழக்கம். தலைசுற்றல் உள்ளவர்கள் "சுத்த வேணாம்ண்ணா" என்று முன்பே சொல்லிவிடலாம். அருவி நெருங்கும்போது சாரல் புகையாக எழும். ஹொகே என்றால் கன்னடத்தில் புகை, கல் என்றால் பாறை. ஊர்ப் பெயரின் அர்த்தம் அங்கே முகத்தில் வந்து விழும்.

நடுவில் மணல்திட்டில் இறக்கிவிட்டால் ஆற்றில் நீந்தப் போகாதீர்கள். காவிரியில் முதலைகள் உண்டு, பாறை வழுக்கும், ஆழமும் தெரியாது. குளிக்க அருவிப் பக்கம் அனுமதித்த இடம் இருக்கிறது.

கரைக்குத் திரும்பியதும்

பரிசல் கரையில் முட்டியவுடன் எழாதீர்கள். அவர் இறங்கிப் பிடித்த பிறகு, கரையோரம் இருப்பவர் முதலில் இறங்கட்டும். பசித்தால் மீன் வாங்கி, அங்கேயே சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுங்கள். மசாலா தடவி வறுத்துத் தருவார்கள். பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுங்கள்.